ஹப் யாருக்குச் சொந்தம்? சென்னை, பெங்களூரு, நடுவுல நம்ம திருவண்ணாமலை

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஏவியேஷன் எக்ஸ்பர்ட் கிடையாது. இதுவரைக்கும் பிளேன்ல போனதே ரெண்டு தடவைதான். எல்.கே.ஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம்ங்கறதால, பத்தாவது தமிழ்ப் பரீட்சைக்கு அப்புறம் இவ்ளோ நீளமா தமிழ்ல எழுதுறதும் இப்பதான். தப்பு இருந்தா எடிட்டர் டீமை திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

ஆனா இந்த விஷயத்தைப் பத்தி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க வீடு ரமணாசிரமம் பக்கத்துல, செங்கம் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல. மாமா டாக்ஸி ஓட்டுறார். லோன்ல வாங்கின மஞ்சள் போர்டு வண்டி. மாடியில இருக்கிற ரெண்டு ரூமை அத்தை வாடகைக்கு விடுறாங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க வர்ற சீசன். அந்த அஞ்சு மாச வருமானத்துலதான் மீதி ஏழு மாச ட்யூ கட்டணும். திருவண்ணாமலையில ஏர்போர்ட் இல்லதான். ஆனா எங்க தெருவுல பாதி வீடு ஏர்போர்ட்டை நம்பித்தான் இருக்கு.

ஒரு போர்டு, ஒரு ராத்திரி

ஒரு டிசம்பர்ல நடந்தது இது. வருஷா வருஷம் வந்து எங்க மாடியில தங்குற ஒரு ஜெர்மன் பாட்டி. சென்னை ஏர்போர்ட்ல மாமாதான் பிக்கப். ராத்திரி பன்னண்டு மணிக்கு பேர் எழுதின போர்டை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். ரெண்டு மணி ஆச்சு, மூணு மணி ஆச்சு, ஆளைக் காணோம். காலையில மெசேஜ் வருது. ஏர்லைன் ஷெட்யூலை மாத்திட்டாங்களாம், அவங்களை பெங்களூருக்கு மாத்தி ஏத்தி விட்டுட்டாங்களாம். அங்க இருந்து ஒரு கர்நாடகா வண்டியை பிடிச்சு, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியா அந்தப் பாட்டி மாமாவுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாங்க.

மாமா காலி வண்டியோட ஏறக்குறைய 190 கிலோமீட்டர் திரும்பி வந்தார். பாட்டி மேல கோபம் இல்ல. என்கிட்ட மட்டும் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு பிளேன் கம்பெனி ஒண்ணா சேர்ந்துட்டாங்களாமே, அதனாலயா இப்படி? இனிமே எல்லாரையும் பெங்களூர்லதான் இறக்குவாங்களா?"

அந்த ஒரு ஃப்ளைட் ஏன் மாறுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் கேட்ட ரெண்டாவது கேள்வி என்னை விடல. போன செமஸ்டர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எலெக்டிவ்ல நெட்வொர்க் பிராப்ளம் எல்லாம் மார்க்குக்காக போட்டேன். மாமா கேட்டப்புறம்தான் அது எங்க வீட்டுப் பிராப்ளம்னு புரிஞ்சுது.

ஹப்புன்னா விழுப்புரம்

ஹப்புன்னா என்னன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேணாம். விழுப்புரம் போதும். திருவண்ணாமலையில இருந்து ரயில்ல தெற்கே எங்க போனாலும் பெரும்பாலும் விழுப்புரத்துல இறங்கி மாறணும். நம்மள்ல எத்தனை பேர் விழுப்புரத்துக்கே போகணும்னு போயிருக்கோம்? ரொம்பக் கம்மி. ஆனா விழுப்புரத்துல டீ குடிக்காதவங்க யாராவது உண்டா?

இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு சிம்பிள். 20 ஊரையும் ஒண்ணோட ஒண்ணு நேரா இணைக்கணும்னா 20 × 19 / 2 = 190 ரூட் வேணும். அதுல ஒரு ஊரை ஹப்பா வச்சு மத்த எல்லாத்தையும் அங்க கொண்டு வந்தா 19 ரூட் போதும். பத்துல ஒரு பங்கு. அதனாலதான் ஏர்லைன்ஸ் இதை விடாம பிடிச்சிருக்காங்க. காலையில ஒரு ரெண்டு மணி நேரத்துல பல ஊர்ல இருந்து பிளேன் எல்லாம் வந்து இறங்கும். ஆளுங்க மாறி உக்காருவாங்க. அடுத்த ரெண்டு மணி நேரத்துல எல்லாம் கிளம்பிடும். ஒரு நாளைக்கு இப்படி பல அலை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். மாறிப் போற பயணிக்கு எந்த ஊர்ல மாறுறோம்ங்கறது முக்கியமில்ல. டிக்கெட் விலையும் காத்திருக்கிற நேரமும்தான் முக்கியம். அதனால அந்தப் பயணியை ஏர்லைன் எந்த ஊர் வழியா வேணும்னாலும் அனுப்பலாம்.

இதுக்கு எங்க ஏரியாவுலயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1896-ல மதுரையில இருந்து வீட்டை விட்டுக் கிளம்பின பையன் வேங்கடராமன், பின்னாடி ரமண மகரிஷி, திண்டிவனத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தார். அவர் பார்த்தது ஒரு பழைய அட்லஸ். அதுல திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். விழுப்புரம் - காட்பாடி லைன் அந்த அட்லஸ்ல இல்ல. ரயில்ல கூட வந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்துல மாறணும்னு சொல்லிக் கொடுத்தார். மலை அதே இடத்துலதான் இருந்துச்சு. போற வழிதான் மாறியிருந்துச்சு.

ரெண்டு கம்பெனி ஒண்ணானா ரெண்டு ஹப் எதுக்கு?

இப்ப மெர்ஜருக்கு வருவோம். தனித்தனி கம்பெனியா இருக்கும்போது ஆளுக்கொரு ஹப் வச்சுப் போட்டி போடுவாங்க. ஒண்ணா சேர்ந்த உடனே ஒரே ஆபீஸ்ல ஒரே டீம் மேப்பைப் பார்க்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஹப் இருந்தா, ஒண்ணு வேஸ்ட்டா தெரியும்.

இது எப்படி முடியும்னு அமெரிக்கா நமக்கு முன்னாடியே பார்த்துட்டாங்க. 2008-ல டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் சேர்ந்தாங்க. நார்த்வெஸ்ட்டோட ஹப்பா இருந்த மெம்ஃபிஸுக்கு, டெல்டாவோட அட்லாண்டா ரொம்பப் பக்கம். சேர்றப்போ ஹப் எதையும் மூட மாட்டோம்னுதான் சொன்னாங்க. ஃப்ளைட் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சு, 2013-ல மெம்ஃபிஸ் ஹப்பே இல்லாமப் போச்சு. 2010-ல யுனைடெட்டும் கான்டினென்டலும் சேர்ந்தாங்க, 2014-ல கிளீவ்லாந்து ஹப்பை எடுத்துட்டாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது செயின்ட் லூயிஸ். அது டி.டபிள்யூ.ஏ-வோட ஹப். கூட்டம் தாங்கலன்னு புது ரன்வே பிளான் பண்ணாங்க. பக்கத்துல பிரிட்ஜ்டன்ங்கற ஊர்ல ஏறக்குறைய 2,000 வீட்டை எடுத்தாங்க. சர்ச், ஸ்கூல் எல்லாம் போச்சு. நடுவுல 2001-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ-வை வாங்கிடுச்சு. அவங்களுக்கு சிகாகோவும் டல்லஸும் ஏற்கெனவே இருக்கு. 2003-ல செயின்ட் லூயிஸ் ஃப்ளைட்டை பாதியா வெட்டினாங்க. 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணின ரன்வே 2006-ல திறந்தப்போ, எந்தக் கூட்டத்துக்காகக் கட்டினாங்களோ அந்தக் கூட்டம் இல்ல.

ரன்வேயை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. எடுத்த வீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஏர்லைனுக்கு டைம்டேபிளை மாத்தினா வேலை முடிஞ்சுது.

நம்ம நாட்டுல

இந்தியாவுக்கும் இது புதுசு இல்ல. 1932 அக்டோபர்ல டாடா ஆரம்பிச்ச முதல் விமானத் தபால் ரூட் கராச்சியில கிளம்பி அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியா மெட்ராஸ்லதான் முடிஞ்சுது. பம்பாய் வரைக்கும் ஜே.ஆர்.டி ஓட்டினார், அங்க இருந்து மெட்ராஸ் வரைக்கும் நெவில் வின்சென்ட். அதாவது இன்னைக்கு ஏர் இந்தியாங்கற கம்பெனியோட முதல் கோட்டுல ஒரு முனை நம்ம சென்னை.

2007-ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தாங்க. ஏர் இந்தியாவோட வீடு அதுவரைக்கும் மும்பை. 2009-ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்டை ஹப்பா வச்சுப் பார்த்தாங்க. 2010-ல டெல்லியில டெர்மினல் 3 திறந்ததும் அதை விட்டுட்டு டெல்லிக்கு வந்துட்டாங்க. 2013-ல ஹெட் ஆபீஸும் மும்பையில இருந்து டெல்லிக்குப் போயிடுச்சு.

2022 ஜனவரியில ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்கு வந்துச்சு. அப்புறம் நாலு ஏர்லைன் ரெண்டாச்சு. 2024 அக்டோபர் 1-ல பழைய ஏர்ஏஷியா இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல கரைஞ்சுது. நவம்பர் 12-ல விஸ்தாரா, ஏர் இந்தியாவுல கரைஞ்சுது. விஸ்தாராவுக்கும் மெயின் ஹப் டெல்லி, ஏர் இந்தியாவுக்கும் டெல்லி. அப்போ தெற்குல? அதே 2024-ல ஏர் இந்தியா குரூப், பெங்களூரு ஏர்போர்ட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுச்சு. தென்னிந்தியாவுக்கான ஹப்பா பெங்களூரை வளர்க்கிறதுன்னு.

அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. பெங்களூருக்கு ரெண்டு இணையான ரன்வே, புது டெர்மினல், விரிவாக்க இடம் எல்லாம் இருக்கு. சென்னை மீனம்பாக்கத்துல ஒண்ணை ஒண்ணு குறுக்கா வெட்டுற ரெண்டு ரன்வே, சுத்தி ஊர், ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் பரங்கிமலை. 2008-ல தேவனஹள்ளி ஏர்போர்ட் வர்றதுக்கு முன்னாடி தெற்குல சென்னைதான் முதல். 2023-24-ல பெங்களூர்ல சுமார் 3.75 கோடி பயணிகள், ஹைதராபாத்ல 2.5 கோடி, சென்னையில 2.1 கோடி.

இந்த நம்பரைப் பார்த்த உடனே நம்ம ஆளுங்க சோஷியல் மீடியாவுல போடுறது ஒண்ணுதான்: "சென்னை போச்சு! நமக்கும் ஹப் வேணும்!"

இங்கதான் நான் ஒத்துப் போகல.

ஹப் போனாலும் நிக்கிற ஊர் எது?

கொச்சியைப் பாருங்க. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோட ஹெட் ஆபீஸ் அங்கதான் இருந்துச்சு. டாடா கைக்கு வந்தப்புறம் அது குருகிராமுக்குப் போயிடுச்சு. கேரளா - கல்ஃப் ஃப்ளைட் நின்னுடுச்சா? இல்ல. ஏன்னா அந்த ஃப்ளைட்டை நிறைக்கிறது மாறிப் போற ஆள் இல்ல. சொந்த ஊருக்கு வர்ற ஆள், சொந்த ஊர்ல இருந்து போற ஆள். அவங்களை வேற ஊருக்கு மாத்தி விட்டா, போட்டி ஏர்லைன் வந்து அள்ளிட்டுப் போயிடும்.

நம்ம திருச்சியைப் பாருங்க. திருச்சியில இறங்கி வேற நாட்டுக்கு மாறிப் போறவங்க எத்தனை பேர்? யாரும் அதை ஹப்புன்னு சொல்றதில்ல. ஆனா சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்னு நேரா ஃப்ளைட் இருக்கு. பல நாட்டு ஏர்லைன் வருது. 2024 ஜனவரியில புது டெர்மினலும் திறந்தாச்சு. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைக் குடும்பங்கள் மூணு தலைமுறையா அந்த நாடுகளுக்குப் போய் வர்றாங்க. அதுதான் அந்த ஏர்போர்ட்டோட அஸ்திவாரம். எந்த மெர்ஜரும் அதை எடுத்துட்டுப் போக முடியாது.

அமெரிக்காவுலயும் இதேதான். மெம்ஃபிஸ் ஏர்போர்ட் செத்துடல, ஃபெடெக்ஸ் கார்கோ ராத்திரி பூரா அங்கதான் இறங்குது. ஒருத்தர் போனா இன்னொருத்தர் இருந்தாங்க.

அதனால என் கருத்து இதுதான். ஹப்புங்கறது ஒரு ஊருக்குக் கிடைக்கிற பட்டம் இல்ல. ஒரு ஏர்லைன் போட்டுக்கிற டைம்டேபிள், அவ்ளோதான். அதை நம்பி ஒரு ஊரோட பணத்தையும் நிலத்தையும் பந்தயம் கட்டக்கூடாது. கேட்க வேண்டியது "எங்களை ஹப் ஆக்குங்க"ன்னு இல்ல. "எங்க ஆளுங்க போற ஊருக்கு நேரா எத்தனை ஃப்ளைட், எத்தனை வெவ்வேற ஏர்லைன்?" இதைத்தான் கேட்கணும்.

எதிர்க் கேள்வி வரும், தெரியும். ஹப் வந்தா சொந்தப் பயணிகளை மட்டும் வச்சு ஓட்ட முடியாத ஃப்ளைட்டும் வரும். வேலை வரும், பிளேன் ரிப்பேர் பண்ற எம்.ஆர்.ஓ வரும், நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கே அங்க வேலை கிடைக்கும். உண்மைதான். பெங்களூருக்கு அது கிடைக்கும்போது பொறாமையாத்தான் இருக்கு. வந்தா வேணாம்னு நான் சொல்லல. அது வந்தே தீரும், வந்தா போகவே போகாதுன்னு கணக்குப் போட வேணாம்னு சொல்றேன். டெல்லியைப் பாருங்க. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வான்வெளி மூடின உடனே, எல்லாத்தையும் டெல்லியில குவிச்சு வச்சிருந்த ஏர் இந்தியாவுக்குத்தான் பெரிய அடி. மேற்கே போற ஃப்ளைட் எல்லாம் சுத்திப் போக வேண்டியதாச்சு.

பரந்தூர்ல கேட்க வேண்டிய கேள்வி

இது ஏன் இப்ப அவசரம்னா, பரந்தூர். சென்னையோட ரெண்டாவது ஏர்போர்ட்டுக்கு அந்த இடத்தை 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. 5,000 ஏக்கருக்கு மேல நிலம். வருஷத்துக்கு 10 கோடி பயணிகள் வரைக்கும் போகலாம்ங்கறது திட்டம். ஏகனாபுரம் மக்கள் அன்னைல இருந்து போராடிக்கிட்டு இருக்காங்க. ஏரியும் வயலும் இருக்கிற ஊர் அது.

மீனம்பாக்கம் நெருக்கடி உண்மை. புது இடம் தேவையான்னா, ஏதோ ஒரு அளவுக்குத் தேவைதான்னு நானும் நினைக்கிறேன். ஆனா 10 கோடிங்கற நம்பர் 2023-24 சென்னைக் கணக்குல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதுல நம்ம சொந்தப் பயணிகள் எவ்ளோ, யாராவது ஹப் போடுவாங்கன்னு நம்பி எழுதினது எவ்ளோ? சொந்தப் பயணி கணக்குக்கு ஒரு ரன்வே, ஒரு டெர்மினல்னு ஆரம்பிச்சு, கூட்டம் வர வர வளர்க்கலாம். அடுத்த கட்டத்துக்கான வீட்டை, வயலை, அந்தக் கூட்டம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எடுக்கத்தான் வேணுமா? பிரிட்ஜ்டன்ல போன 2,000 வீட்டை நினைச்சுக்கிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். சிவில் படிக்கிற நண்பர்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்கன்னா, இது ஒரு நல்ல டாபிக்.

செங்கம் ரோட்டுல

மாமாவோட கேள்விக்கு வர்றேன். எல்லாரையும் பெங்களூர்ல இறக்குவாங்களா?

எல்லாரையும் இல்ல. துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், கொழும்புன்னு சென்னைக்கு நேரா கொண்டு வர்ற வெளிநாட்டு ஏர்லைன்ஸ் இருக்கிற வரைக்கும் சென்னை வழி இருக்கும். ஆனா ஒரு பங்கு ஆளுங்க கண்டிப்பா அந்தப் பக்கம் போவாங்க. ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோடே பெங்களூர் போற ரோடுதானே. சென்னை போகணும்னா நாங்கதான் ஊரைத் தாண்டி செஞ்சி, திண்டிவனம் பக்கம் போகணும்.

மலைக்கு வர்ற பாட்டிக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. கார்ல அஞ்சு மணி நேரம், எந்தப் பக்கம் இருந்து வந்தா என்ன. அத்தைக்கும் ரூம் வாடகை வந்துடும். அடி விழுறது மாமாவுக்கு. சென்னையில இறக்கி விட்டா, திரும்ப வரும்போது ஒரு சவாரி எப்படியாவது கிடைக்கும், தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. பெங்களூர்ல யாரும் தெரியாது. ஸ்டேட் பார்டர் தாண்ட பர்மிட் செலவு வேற. அங்க இருந்து வர்ற பயணியை அங்க இருக்கிற வண்டிதான் ஏத்திட்டு வரும்.

இந்த மாதிரி நஷ்டம் எந்த மெர்ஜர் ரிப்போர்ட்லயும் வராது. விஸ்தாரா, ஏர் இந்தியான்னு நியூஸ் வந்தப்போ எல்லாரும் மைலேஜ் பாயின்ட் என்ன ஆகும், சாப்பாடு நல்லா இருக்குமான்னுதான் பேசினாங்க. நானும் அதைத்தான் படிச்சேன்.

நாங்க என்ன பண்ணோம்னா, மாமாவும் அந்தத் தெருவுல இருக்கிற இன்னும் அஞ்சாறு டிரைவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். அட்மின் நான்தான். யார் ரூம்ல யார் வர்றாங்க, எந்த ஏர்போர்ட், எத்தனை மணின்னு முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். பெங்களூர் போற வண்டிக்கு அங்க இருந்து திரும்ப வர ஆள் இருக்கிற மாதிரி சேர்த்துப் போடுறோம். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ல படிச்ச அசைன்மென்ட் பிராப்ளமே தான். நோட்டுல கோடு போட்டுப் பார்த்து செய்றேன், பெரிய ஆப் எல்லாம் இல்ல. எல்லா வாரமும் பொருந்தாது. சில வாரம் காலி வண்டி வரத்தான் செய்யுது.

மாமா இப்பவும் சென்னை போர்டைத் தூக்கிப் போடல. வண்டி டிக்கியில இருக்கு. கூடவே ஒரு புது போர்டு வாங்கி வச்சிருக்கார், பேர் எழுதி அழிக்கிற மாதிரி. கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் வரும்: "ஏம்மா, ஃப்ளைட் மெட்ராஸ்க்குத்தானே வருது? நல்லா பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவை பார்க்கிறேன்.